கண்ணில் ஒட்ட முடியாத புள்ளி

இரவு எட்டு மணிக்குப் பிறகு கிழக்கிலங்கையில் வாகரைப் பக்கமிருந்து வெருகலுக்கு மோட்டார் சைக்கிளில் வந்து பாருங்கள். வீதியின் இரு பக்கமும் பற்றைக்காடு. உங்கள் முன்விளக்கைத் தவிர வேறு வெளிச்சமில்லை. திடீரென்று நூறு மீற்றருக்கு அப்பால் ஒரு வீதிப்பலகை பற்றிக்கொண்டதுபோல எரியும். அதற்குப் பின்னால் பல்பும் இல்லை, மின்கம்பியும் இல்லை. வீதியோரம் நடந்து போகிறவரைக் கேட்டால், ஏதோ ஒரு மங்கல் தகடு நிற்கிறது என்பார். உங்களுக்கு மட்டும்தான் அது ஒளிர்கிறது. இன்னும் கொஞ்சம் வந்தால், தாரின் சூட்டுக்காக நடுவீதியில் படுத்திருக்கும் மாடுகளின் கண்கள். அவையும் அப்படியேதான்.

2012இல் லண்டனுக்கு அருகிலுள்ள பைன்வுட் ஸ்டூடியோவில் ரஜினிகாந்த் உடம்பெங்கும் அந்த வீதிப்பலகையை ஒட்டிக்கொண்டு நின்றார். சரியாகச் சொன்னால், பலகையின் மேலிருக்கும் அதே பொருளைச் சுற்றிய உருண்டைகள், நெல்லிக்காயைவிடச் சிறியவை. கிரீடம் இல்லை, கவசம் இல்லை, ஒப்பனை இல்லை. உடம்போடு ஒட்டிய உடை, அதன்மேல் புள்ளி புள்ளியாக இந்த உருண்டைகள். படம் ‘கோச்சடையான்’. இயக்கியவர் அவருடைய இளைய மகள் சௌந்தர்யா. இயக்குநர், தயாரிப்பாளர் என்ற பெயர்களெல்லாம் பிறகு வந்தவை. அவருடைய முதல் தொழில் வரைகலை. படம் தொடங்கும்போது திரையில் ஓடுகிற எழுத்துகளை வடிவமைப்பது.

அந்தத் தொழிலும் புள்ளியில்தான் தொடங்குகிறது. 1992இல் ரஜினியின் ‘அண்ணாமலை’ வந்தது. இருட்டுத் திரையில் நீலப் புள்ளிகள் ஒவ்வொன்றாக மின்னி, ஆங்கில எழுத்துகளாகச் சேர்ந்து ‘சூப்பர் ஸ்டார்’ என்று நின்றன. பின்னால் தேவாவின் இசை. அதற்குப் பிறகு ரஜினி படம் என்றால் அந்தப் புள்ளிகள் வந்தே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. எழுத்து முழுதாகத் தெரியும் முன்பே அரங்கில் விசில் பறக்கும். அப்போது சௌந்தர்யாவுக்கு 7 வயது. வளர்ந்த பிறகு ‘பாபா’, ‘சந்திரமுகி’, ‘சண்டக்கோழி’, ‘சிவாஜி’ போன்ற படங்களுக்கு அவரே வரைகலை செய்தார்.

பாதிப் புள்ளி தெரிந்ததுமே நம் மூளை மீதி எழுத்தை ஏன் முடித்துவிடுகிறது? வாசலில் புள்ளிக் கோலம் போடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. புள்ளிகளை மட்டும் வைத்துவிட்டு எழுந்தாலே, பார்க்கிறவர் கண் கோட்டை இழுக்கத் தொடங்கிவிடும். சுவீடனில் குன்னார் யோஹான்சன் என்ற உளவியலாளர் இதை இன்னும் ஒரு படி தள்ளிப் பார்த்தார். ஒரு மனிதரின் தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று மூட்டுகளில் மட்டும் பத்துப் பன்னிரண்டு ஒளிப்புள்ளிகளை வைத்து இருட்டில் நடக்கவிட்டுப் படம்பிடித்தார். 1973இல் அந்த ஆய்வு வெளியானது. புள்ளிகள் அசையாமல் நின்றபோது பார்த்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அசைந்தவுடன் ‘ஆள் நடக்கிறார்’ என்றார்கள். அதைச் சொல்ல ஒரு செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு போதுமாக இருந்தது. முகமும் இல்லை, உடம்பும் இல்லை, பன்னிரண்டு பொட்டு மட்டும்!

1977இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் இதே முறையில் நண்பர்களை நடக்கவிட்டார்கள். வெறும் புள்ளிகளைப் பார்த்தே ‘இது இன்னார்’ என்று, குத்துமதிப்பாகச் சொல்வதைவிடக் கணிசமான அளவு சரியாக அந்த நண்பர்களே அடையாளம் கண்டார்கள். ஒருவரின் நடையே ஒரு கையெழுத்து. ரஜினி ரசிகரிடம் இதைப் போய்ச் சொன்னால் சிரிப்பார். இதற்கும் ஓர் ஆய்வா என்பார்.

இனி லண்டன் அரங்குக்குப் போவோம். அங்கே நடந்ததற்குப் பெயர் மோஷன் கேப்ச்சர். தமிழில் அசைவுப் பதிவு எனலாம். உருவத்தை விட்டுவிட்டு அசைவை மட்டும் கழற்றி எடுத்துக்கொள்ளும் வித்தை. இதன் முதல் இரகசியம் அந்த உருண்டையின் மேற்பூச்சு. தலைமுடியின் தடிமனைவிடச் சிறிய கண்ணாடி மணிகள் அதில் நெருக்கமாகப் பதிந்திருக்கின்றன. சாதாரண முகக்கண்ணாடியில் சாய்வாக விழும் ஒளி எதிர்ப்பக்கம் தெறித்துப் போய்விடும். கண்ணாடி மணிக்குள் நுழையும் ஒளியோ வளைந்து, பின்சுவரில் பட்டு, மறுபடி வளைந்து வந்த வழியே திரும்பும். அறையின் மூலைக்குள் எறிந்த பந்து எறிந்தவரிடமே வருவதுபோல. இதை மீள்பிரதிபலிப்பு என்பார்கள். வீதிப்பலகை உங்களுக்கு மட்டும் எரிந்ததற்குக் காரணமும் இதுதான். வெளிச்சம் உங்கள் முன்விளக்கிலிருந்து போனது, ஆகவே உங்களிடமே வந்தது. மாட்டின் விழித்திரைக்குப் பின்னாலும் இப்படி ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று இயற்கையிலேயே உண்டு.

அரங்கைச் சுற்றி உயரத்தில் பல கமராக்கள். ஒவ்வொன்றின் கண்ணாடி வில்லையைச் சுற்றியும் வளையமாகச் சிறு விளக்குகள். அவை வீசுவது நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. அந்த ஒளி உருண்டைகளில் பட்டு நேராகக் கமராவுக்கே திரும்புகிறது. மற்ற எல்லாம் கறுப்பு. கமராவுக்குத் தெரிவது இருட்டில் மிதக்கும் வெள்ளைப் புள்ளிகள் மட்டுமே. உலகில் அதிகம் படம்பிடிக்கப்பட்ட முகங்களில் ஒன்று எதிரே நிற்கிறது, அத்தனை கமராவில் ஒன்றுக்குக்கூட அது தெரியவில்லை.

யோசனை பழையது. பிரான்சில் எதியென்-ஜூல் மாரே என்ற உடலியலாளர் 1880களிலேயே ஓர் ஆளுக்குத் தலை முதல் கால் வரை கறுப்பு உடை போட்டு, கைகால்களில் வெள்ளைக் கோடும் புள்ளியும் ஒட்டி, கறுப்புச் சுவருக்கு முன்னால் நடக்கவிட்டார். ஒரே தகட்டில் பல தடவை படம்பிடித்தார். கிடைத்தது மனிதரின் படமல்ல, நடையின் படம். சினிமா பிறக்கும் முன்பே அசைவுப் பதிவு பிறந்துவிட்டது என்று நான் சொல்வேன். அவரிடம் இல்லாதது ஆழம் ஒன்றுதான். எல்லாம் தட்டையாக இருந்தன.

ஆழத்தை எப்படிப் பிடிப்பது? ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோர்க்கப் பாருங்கள், சிக்கல் புரியும். ஒரு பார்வைக்குத் திசை தெரியும், தூரம் தெரியாது. வெருகல் கங்கையின் அகலத்தை அளக்க வேண்டும் என்று வையுங்கள். இறங்க வேண்டாம், முதலை உள்ள ஆறு. இக்கரையில் முப்பது மீற்றர் இடைவெளியில் இரண்டு தடிகளை நடுங்கள். முதல் தடியிலிருந்து அக்கரை மருதமரத்தைப் பார்த்துக் கோணத்தைக் குறியுங்கள். இரண்டாவது தடியிலிருந்தும் அப்படியே. தாளில் முக்கோணம் வரைந்தால் அகலம் கிடைத்துவிடும், கால் நனையாது. நில அளவையாளர்கள் இதை நூற்றாண்டுக் கணக்காகச் செய்கிறார்கள். அரங்கில் தடிகளுக்குப் பதில் கமராக்கள், மருதமரத்துக்குப் பதில் ரஜினியின் முழங்கை. குறைந்தது இரண்டு கமராவுக்கு ஒரு புள்ளி தெரிந்தால் போதும், அது வெளியில் எங்கே மிதக்கிறது என்று மில்லிமீற்றர் சுத்தமாகச் சொல்லிவிடலாம்.

ஒரு கணக்குப் போடுவோம். உடம்பில் 50 உருண்டைகள். ஒவ்வொன்றுக்கும் நீளம், அகலம், உயரம் என மூன்று எண்கள். செக்கனுக்கு 120 தடவை பதிவு. அப்படியென்றால் ஒரு செக்கனில் 18,000 எண்கள், ஒரு நிமிடத்தில் பத்து இலட்சத்துக்கும் மேல். தலைமுடியைக் கோதிவிட்டு ஸ்டைலாகத் திரும்பும் இரண்டு செக்கன் மட்டும் 36,000 எண்கள்.

எண்கள் பெருகினால் தப்பும் பெருகும். ஆள் குனிந்தால் நெஞ்சுப் புள்ளிகள் மறைந்துவிடும். இரண்டு பேர் கட்டிப் புரண்டு சண்டை போட்டால் யாருடைய புள்ளி யாருடையது என்று கணினி தடுமாறும். ஒருவரின் மணிக்கட்டை மற்றவரின் இடுப்பில் கொண்டுபோய்ச் செருகிவிடும். இதையெல்லாம் பிறகு ஆட்கள் உட்கார்ந்து சட்டகம் சட்டகமாகத் திருத்துகிறார்கள். சட்டகம் என்றால் படச்சுருளின் ஒரு கட்டம், ஒரு நிலைப்படம். அரங்கில் ஒரு மணி நேரத்தில் முடிந்த காட்சிக்கு இந்தத் துப்புரவு வேலை நாட்கணக்கில் இழுக்கும். பெயர்ப்பட்டியலில் வேகமாக ஓடி மறையும் அந்த நூற்றுக்கணக்கான பெயர்கள் இவர்களுடையவைதான்.

துப்புரவான புள்ளிகளுக்குள் கணினி ஓர் எலும்புக்கூட்டைப் பொருத்துகிறது. நிஜ உடம்பில் 206 எலும்புகள். இந்தக் கூட்டுக்கு அத்தனை வேண்டாம், மூட்டுகள் சரியாக மடங்கினால் போதும். பிறகு நடப்பதுதான் மாயம். அந்த எலும்புக்கூட்டின் மேல் எந்த உடம்பையும் போர்த்தலாம். 61 வயதுக்காரரின் அசைவு ஓர் இளம் வீரனின் தோள்களை அசைக்கும். அதற்கு முந்திய வருடம்தான் ரஜினி கடும் நோயில் கிடந்து, சிங்கப்பூரில் சிகிச்சை பெற்றுத் திரும்பியிருந்தார். எடுக்கவிருந்த ‘ராணா’ படம் நின்றுபோனது. வெயிலும் கனத்த கவசமும் இல்லாத ஓர் அரங்குக்குள் போர்வீரனாக நடிப்பது அந்த நேரத்துக்குப் பொருத்தமான வழியாகத்தான் இருந்திருக்கும்.

இன்னொரு விந்தையும் அந்தப் படத்தில் நடந்தது. 2009இல் மறைந்த நாகேஷ் அதில் நடித்தார். யாரோ ஒருவரின் அசைவின் மேல் நாகேஷின் முகமும் உடலும் போர்த்தப்பட்டன. அசைவையும் உருவத்தையும் பிரித்துவிட்டால் இரண்டும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எனக்கு அதைப் பார்க்கையில் மகிழ்ச்சியும் கொஞ்சம் கூச்சமும் சேர்ந்தே வந்தன. ஒருவரைக் கேட்காமல் அவர் வீட்டுக்குள் போனதுபோல.

வரைகலையிலிருந்து சினிமாவுக்கு வந்தவர்கள் சௌந்தர்யாவுக்கு முன்பும் உண்டு. கல்கத்தாவில் விளம்பர நிறுவனமொன்றில் 1943இல் வரைகலைஞராகச் சேர்ந்த சத்யஜித் ராய்தான் 1955இல் ‘பதேர் பாஞ்சாலி’யைத் தந்தார். பிறகும் தன் படங்களின் சுவரொட்டியைத் தானே வரைந்தார், ஆங்கில எழுத்துருக்களைக்கூட உருவாக்கினார். அமெரிக்காவில் சோல் பாஸ், ஹிட்ச்காக்கின் ‘வெர்ட்டிகோ’வுக்கு 1958இல் சுழலும் வளையங்களால் எழுத்தோட்டம் செய்தார். அந்த வளையங்களுக்கு ஜான் விட்னி என்ற கலைஞர், இரண்டாம் உலகப் போரில் விமானங்களைக் குறிபார்க்கப் பயன்பட்ட பீரங்கிக் கருவியை மாற்றியமைத்துக்கொண்டார் என்று சொல்லப்படுகிறது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மேல் குண்டு போட்டபோது கீழேயிருந்து சுட்டவர்களுக்கு, பறக்கும் ஒரு புள்ளி அடுத்த கணம் எங்கே இருக்கும் என்பதுதான் உயிர் போகும் கேள்வி. அந்தக் கணக்கைப் போடப் பிறந்த கருவிகளில் ஒன்று, போர் முடிந்த பிறகு வளையம் வரையப் போயிருக்கிறது.

ஆனால் வரைகலைஞர் தயாரிப்பாளராவதில் ஒரு தாண்டல் இருக்கிறது. வரைகலைஞர் ஒரு சட்டகத்தோடு மாரடிப்பவர். தயாரிப்பாளர் அதைப் பெருக்கிப் பார்ப்பவர். சௌந்தர்யா தொடங்கிய ஆக்கர் நிறுவனம் 2010இல் வெங்கட் பிரபுவின் ‘கோவா’வைத் தயாரித்தது. அது சாதாரணக் கமராவில் எடுத்த கலகலப்பான படம். அதே காலத்தில் அவர் தூக்கிச் சுமந்த ‘சுல்தான் தி வாரியர்’ என்ற முழு அனிமேஷன் படம் திரைக்கு வரவே இல்லை. ஏன் இப்படியான படங்கள் பாதியில் நிற்கின்றன என்பதற்குப் பெருக்கல் வாய்ப்பாடு பதில் சொல்லும்.

செக்கனுக்கு 24 சட்டகம். இரண்டு மணிநேரப் படத்துக்கு 1,72,800. முப்பரிமாணப் படமானால் இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று, ஆக 3,45,600. ஒவ்வொரு சட்டகத்திலும் ஒளி எங்கே பட்டு எங்கே தெறிக்கிறது என்று கணினி கணக்கிட்டு முடிக்க, வசதிக்காக ஒரு மணி நேரம் என்று வைப்போம். ஒரே கணினியிடம் கொடுத்தால் 39 வருடம் ஆகும். இன்று தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு நடுவயதில் படம் பார்க்கக் கிடைக்கும். ஆயிரம் கணினிகளை அடுக்கினால் பதினைந்து நாள். அந்த ஆயிரத்துக்கும் மின்சாரம், குளிரூட்டல், வாடகை. பதினாறாம் நாள் இயக்குநர் வந்து, ‘அந்தத் தோளணியின் நிறம் சரியில்லை’ என்றால் அந்தக் காட்சி மறுபடி அடுப்பிலேற வேண்டும்.

ஒளிக்கு ஏன் இத்தனை நேரம்? உங்கள் கைபேசியின் டோர்ச்சை இருட்டில் விரல் நுனியில் அழுத்திப் பாருங்கள். விரல் சிவந்து ஒளிரும். தோல் சுவர் அல்ல, ஒளி அதற்குள் நுழைந்து அலைந்து வேறிடத்தில் வெளியே வருகிறது. பழைய கணினி முகங்கள் இதைக் கணக்கில் எடுக்காததால் பிளாஸ்ரிக் பொம்மைபோல இருந்தன. 2001இல் ஹென்ரிக் வான் ஜென்சனும் கூட்டாளிகளும் ஒளி தோலுக்குள் அலைவதைச் சிக்கனமாகக் கணக்கிட ஒரு வழி கண்டார்கள். அதன் பிறகுதான் திரையில் காதுமடல் வெயிலில் சிவக்கத் தொடங்கியது. பால், பளிங்கு, மெழுகுதிரி எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

2014 மே 23ஆம் திகதி ‘கோச்சடையான்’ வெளியானது. இந்தியாவில் முழுக்க முழுக்க அசைவுப் பதிவில் செய்த, நிஜ மனிதர்போல் தோன்ற முயன்ற முதல் படம் என்ற அறிவிப்போடு. ஏ.ஆர். ரஹ்மானின் இசை, கே.எஸ். ரவிக்குமாரின் கதை. நடை வந்தது, அசல் ரஜினி நடை. அந்த 36,000 எண்கள் வீண்போகவில்லை. ஆனால் பாத்திரங்கள் அருகில் வந்து முகம் பார்த்துப் பேசியபோது அரங்கில் ஒரு விலகல் இருந்தது. பொம்மைப்படம் என்று சிலர் தள்ளிவிட்டார்கள். எனக்கு அது பாதி நியாயமான தீர்ப்பு என்றுதான் படுகிறது. உடம்பு பொம்மை அல்ல. கண்தான் சிக்கல்.

ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970இலேயே இதை எச்சரித்தார். பொம்மை மனிதரைப்போல ஆக ஆக நமக்குப் பிரியம் கூடும். கிட்டத்தட்ட மனிதர் என்ற இடத்தில் சட்டென்று அருவருப்பு வரும். முழு மனிதர் ஆனதும் பிரியம் திரும்பும். நடுவில் விழும் அந்தக் குழிக்கு அவர் பள்ளத்தாக்கு என்று பெயர் வைத்தார். ஒவ்வாப் பள்ளம் என்று நாம் சொல்லலாம். கார்ட்டூன் எலி இந்தப் பள்ளத்தில் விழாது, அது மனிதராக முயலவே இல்லை. அழகாகச் செய்த அரசன்தான் விழுவான். பெரும்பாலும் கண்ணால்தான் விழுவான்.

தோளில் உருண்டை ஒட்டலாம், தாடையில் பொட்டு வைக்கலாம். கருவிழியில் எதை ஒட்டுவது? விழி ஒரு செக்கனுக்கு மூன்று தடவைபோல இடம் தாவுகிறது. கிட்டத்தில் உள்ளதைப் பார்த்தால் இரண்டு கருமணிகளும் மூக்குப் பக்கம் ஒரு நூலளவு நெருங்கும். நம் கண்ணில் வெள்ளை இவ்வளவு வெளியே தெரிவதால் எதிரே இருப்பவர் எங்கே பார்க்கிறார் என்பதைத் துல்லியமாகப் பிடித்துவிடுவோம். அரங்கில் நடிகருக்கு முன்னால் கோட்டையும் இல்லை, படையும் இல்லை. வெறும் சுவர். அவர் கண் சுவருக்குத்தான் குவிந்திருக்கும். அந்தக் கண்ணைப் பதிந்தாலும் பயனில்லை, பதியாவிட்டால் யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து கையால் வைக்க வேண்டும்.

கையால் கண் வைப்பது எவ்வளவு பாரதூரமான வேலை என்று இந்தத் தீவுக்குத் தெரியும். நம் கோயில்களில் விக்கிரகம் முழுதாக வடித்து முடிந்த பிறகே கண் திறப்பார்கள். சிங்களக் கலைஞர்கள் புத்தர் சிலைக்குக் கண் எழுதும்போது சிலையை நேரே பார்ப்பதில்லை. முதுகைக் காட்டி நின்று, முகக்கண்ணாடியில் பார்த்தபடி தோளுக்கு மேலால் தூரிகையை நீட்டி எழுதுவது மரபு. அதுவரை கல்லாக இருந்தது அந்தக் கணத்தில் பார்க்கத் தொடங்கிவிடுகிறதே!

பொறியாளர்களும் வழி தேடினார்கள். நம் கண் ஒரு சின்ன மின்கலம். முன்பக்கக் கருவிழி நேர், பின்பக்க விழித்திரை எதிர். கண் திரும்பினால் அந்த மின்புலமும் திரும்பும். 2007இல் ‘பேவுல்ஃப்’ படத்துக்கு நடிகர்களின் கண்ணைச் சுற்றி மின்முனைகளை ஒட்டி அந்த மெல்லிய மின்னை அளந்தார்கள். ‘அவதார்’ காலத்தில் தலையில் மாட்டிய சிறு கமரா முகத்துக்கு நேரே வந்து நின்றது. ஆய்வுக்கூடங்களின் பார்வை அளக்கும் கருவியோ இன்னும் எளிய தந்திரம் செய்கிறது. கண்ணை நோக்கி அகச்சிவப்பு ஒளியை அனுப்பும். ஈரமான விழிப்பரப்பில் அது ஒரு பொட்டாக மின்னும். கண்மணியின் நடுவுக்கும் அந்த மின்னலுக்கும் இடையிலுள்ள தூரம் மாறுவதைப் பார்த்தே ஆள் எங்கே பார்க்கிறார் என்று சொல்லிவிடும். ஒட்டாத புள்ளி, கண்ணே தருகிற புள்ளி.

சௌந்தர்யாவின் அடுத்த படம் 2017இல் வந்தது. ‘வேலையில்லா பட்டதாரி 2’. கட்டடங்களும் பொறியாளர்களும் வரும் கதை, கோட்டையும் படையும் இல்லை. தனுஷுக்கு எதிராகக் கஜோல். ‘மின்சார கனவு’ வந்து இருபது வருடம் கழித்துத் தமிழுக்குத் திரும்பியிருந்தார். சாதாரணக் கமராவைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்கள். கஜோலின் கண்ணைப் பதிய ஒரு புள்ளியும் தேவைப்படவில்லை.